கூரை ஓட்டை வெயிலுக்காகத் திரும்பி வராதே

மகன் ராசுவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பார்கள். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை இது. சாவுச் செய்தி எழுதச் சொல்லி வருகிறவர்கள்கூட, இவ்விடம் அனைவரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். உனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, விரல் மடங்க மறுக்கிறது, தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து என் பேரை வெட்டிவிட்டார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததால்தான் அப்படி ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படி.

மாதம் முடிந்ததும் கடையில் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுவாயாம். தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு நம் ஒற்றை அறைக் காம்பராவைக் காப்பாற்றுவாயாம். என்னை நடுத்தெருவில் விடமாட்டாயாம். அதோடு நிறுத்தியிருந்தால், பெற்ற பிள்ளையின் பாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். நீ நிறுத்தவில்லை. கொழும்பில் எதுவுமே ருசிக்கவில்லை என்கிறாய். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற பால் விடாத சாயத்தண்ணி, விடியற்காலையில் புல்லில் மிதிபடுகிற பனி, கூரை ஓட்டை வழியாக வருகிற வெயில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியாயி அக்கா ரொட்டி தட்டுகிற சத்தம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். கடைசியில், சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே அம்மா என்று முடித்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அழவில்லை ராசு. பயந்துபோனேன்.

பட்டணத்துக்குப் போனவனுக்கு இங்கத்து நடைமுறை மறந்துபோயிருக்கும் போலிருக்கிறது. அந்தக் காம்பரா ஒருநாளும் நம்முடையதாக இருந்ததில்லை. தோட்டத்துக் கூலிப் பேரேட்டில், அந்தச் செக்ரோலில், பேர் இருக்கிறவரைக்கும் தலைக்கு மேல் கூரை. பேரை வெட்டினால் அதே வீட்டிலிருந்து இன்னொரு பேர் ஏற வேண்டும், இல்லையென்றால் சாமானைக் கட்ட வேண்டும். உன் தாத்தா பேருக்கு அப்புறம் அப்பா பேர், அப்பா போனபிறகு என் பேர் மட்டும் என்று ஒருவர் பின் ஒருவராக ஏறித்தான் அந்தப் புகை படிந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தோம். ஒரு காம்பராவுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கொடுக்கிறோம் என்றுகூட யாரும் நினைப்பதில்லை. மாரியாயி அக்கா தன் மூத்தவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பேர் பதிந்த அன்றைக்குப் பாயாசம் வைத்தாள். நீயும் ஒரு தம்ளர் குடித்தாய்.

சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷப்பட உனக்கு நான்தான் பழக்கினேன், அதை மறுக்கவில்லை. உனக்கு முன்னால் பிறந்தவை எனக்குத் தங்கவில்லை. நீ தங்கினாய். தங்கிய பிள்ளைக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. அதனால் இருக்கிறதைப் பெரிதாக்கிக் காட்டப் பழகிக்கொண்டேன். கீழ்க் கிராமத்திலிருந்து சிங்களத்து அம்மா ஒருத்தி கித்துள் மரத்துக் கருப்பட்டி கொண்டுவருவாளே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு துண்டை நகத்தளவு உடைத்து உன் நாக்குக்கு அடியில் வைப்பேன். தம்ளர் காலியாகும் வரைக்கும் அது கரையாமல் இருந்தால் நீ ஜெயித்தாய், முன்னாலேயே கரைந்துவிட்டால் நான் ஜெயித்தேன். நீ வாயைத் திறந்து காட்டிக் காட்டிச் சிரிப்பாய். உன் அப்பா மட்டும் தன் துண்டை வாயில் போட்டதும் கடக் கடக் என்று கடித்து விழுங்கிவிடுவார்.

"ஏ புள்ள, இத நக்கிக்கிட்டே கெடந்தா வயிறு நெறஞ்சிருமா?" என்பார்.

"உங்களுக்கு ருசி தெரியாதுங்க."

"எனக்குப் பசி தெரியும் புள்ள."

அன்றைக்கு அதை நான் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மனுசனுக்கு ரசனை பத்தாது என்று உன்னிடமே கேலி செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அப்புறம் அந்த வெயில். நம் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. தகரத்தில் ஆணி போன ஒரு ஓட்டை இருந்தது. நான் வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் மூடுபனி விலகினால் அதன் வழியாக ஒரு தோசை அளவுக்கு வெயில் அடுப்புப் பக்கத்தில் விழும். தை மாதக் குளிரில் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று கடற்கரையில் வேர்த்துக்கொண்டிருக்கிற உனக்கு இப்போது சொன்னால்தான் நன்றாக விளங்கும். விருந்தாளி வந்தாச்சு என்று நான் கூப்பிடுவேன். நீ பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அதன் மேல் உட்காருவாய். அது நகர நகர நீயும் பாயோடு நகர்வாய். அரிசிப் பெட்டி வரைக்கும் போய் அது சுவரில் ஏறி மறையும்போது எழுந்து நின்று கும்பிடுவாய். உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு தடவை தகரம் மாற்றத் தோட்டத்திலிருந்து கூரை வேலை செய்கிற பாஸை அனுப்பினார்கள். ஏணி, சுத்தியல், புதுத் தகரம் எல்லாம் வந்து நின்றது. நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளி எப்படி வரும் என்று கத்தி அழுதாய். அழுதது நீ, சரி. ஆனால் எனக்கும் உள்ளுக்குள்ளே அதே எண்ணம்தான் ஓடியது. உன் அப்பா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், கேட்க ஆள் இல்லை.

"எங்களுக்கு வேணாங்க பாஸ். அடுத்த காம்பராவுக்குப் போடுங்க" என்றேன்.

அவர் ஏணியில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தார். "ஒழுகுதுன்னு ஆளுக ஆபீஸ் வாசல்ல வந்து அழுவாங்க. ஓட்டை வேணும்னு கேக்குற ஆள இப்பத்தாம்மா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, மாரியாயி அக்கா கூரையில் கொண்டுபோய் அடித்தார். நான்கு நாள் கழித்து மழை பிடித்தது. ஓட்டைக்கு அடியில் தகரப் பேணியை வைத்தோம். அதிலும் சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் போட்டு உனக்கு விளையாட்டுக் காட்டினேன். அப்பா முதல் வருஷம் சிரித்தார். அடுத்தடுத்த மழைக்காலங்களில் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஈரம் படாத மூலையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மறுபடி தகரம் கேட்டுப் போனபோது, உன் லயத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, போ என்று ஆபீஸில் விரட்டிவிட்டார்கள். அன்றைக்குத் தகரம் வேண்டாம் என்றது தப்பா சரியா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடினால் பாயோடு நகர்கிற நீயும் தெரிகிறாய், மூலையில் உட்கார்ந்து தூங்குகிற அவரும் தெரிகிறார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது தோட்டத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். நீ சின்னப் பயல். சிவப்புத் தாள் சுற்றிய மிட்டாய். தின்று முடித்த பிறகும் அந்தத் தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு மலையெல்லாம் சிவப்பு, துரை பங்களா சிவப்பு, மாடு சிவப்பு என்று நாள் முழுக்க எனக்குக் காட்டினாய். நானும் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் ராசு, எவ்வளவு அழகு என்றேன். அதற்குப் பின்னாலேயே நாம் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சட்டம் வந்தது. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஆண்கள் கூடி உட்கார்ந்து அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே உன் மிட்டாய்த் தாளைக் கசங்காமல் மடித்து அரிசிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பிரஜாவுரிமை கேட்டு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்குமாக எத்தனையோ தடவை நடந்தார். கேட்ட அத்தாட்சி எதுவும் நம்மிடம் இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நெஞ்சுச் சளியோடு கிடந்த கடைசி மாதத்தில்கூட, நம்ம பய இந்த ஊர்லதான புள்ள பொறந்தான் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது நம் முன்னோர் விட்டு வந்த நாடு, இந்த நாடு, இரண்டின் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று நம்மைப் பங்கு போட்டிருக்கிறார்கள். நாம் எந்தப் பங்கில் விழுந்திருக்கிறோம் என்று கேட்க ஆள் இல்லை.

நான் சொல்ல வருவது உனக்கு விளங்குகிறதா? கிடைத்ததில் மனம் நிறைகிற ஆட்களைவிடத் தோட்டத்துக்கு வசதியான ஆட்கள் யார் இருக்கிறார்கள்? தகரம் வேண்டாம் என்கிறாள், கருப்பட்டித் துண்டு போதும் என்கிறாள், பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நிற்கிறாள். என்னை மாதிரி நூறு பேர் இருந்தால் துரைக்குக் கவலையே வேண்டாம். மாரியாயி அக்காவுக்கு இந்த ரசனையெல்லாம் கிடையாது. எதற்கெடுத்தாலும் ஆபீஸ் வாசலில் போய்க் கத்துவாள். அவள் கூரை ஒழுகுவதில்லை. ஆனால் அவளும் பிள்ளையைக் கொடுத்தாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கத்தியவளுக்கும் கடைசியில் தகரம்தான் கிடைத்தது.

என் சந்தோஷங்களில் எனக்கு உசத்தியாக இருந்தது எது தெரியுமா? பொலி சொல்வது. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுபடி கொழுந்து வந்து முதல் நாள் எடுக்கும்போது, கைராசிக்காரி என்று கங்காணி என்னைத்தான் முன்னால் கூப்பிடுவார். முதல் கொழுந்தைக் கிள்ளி, பொலியோ பொலி என்று நான் குரல் கொடுத்தால், நிரை நிரையாக எல்லாப் பெண்களும் சேர்ந்து சொல்லுவார்கள். மலை எதிரொலிக்கும். அன்றைக்கு மட்டும் நான் ஒரு ஆளாக இருப்பேன். நீ பள்ளிக்கூடம் விட்டுத் தேத்தண்ணிப் போத்தலோடு மலைக்கு வந்தவன் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, இந்தக் கொழுந்து நம்மளுதா?" என்றாய்.

"இல்லடா. தோட்டத்துது."

"அப்ப பெருகணும்னு நாம ஏன் சொல்றோம்?"

"நல்லது சொல்ல காசா பணமா? போடா" என்று விரட்டிவிட்டேன். பக்கத்து நிரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. அன்றிலிருந்துதான் உன்னை இங்கே பேர் பதிய விடக்கூடாது என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது.

பேர் வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடைக்கு மேலே இருக்கிற மலையில் முதல் கொழுந்து. கங்காணி வழக்கம்போல, வந்து சொல்லித் தொடங்கு என்றார். கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். வாய் வரவில்லை. அழுகை இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை, அவ்வளவுதான். எல்லாரும் கூடையோடு காத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மாரியாயி அக்காவின் மருமகள் குரல் கொடுத்தாள், எல்லாரும் அவள் பின்னால் சொன்னார்கள். யாரும் என்னைக் கோபிக்கவில்லை, வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அன்று சாயங்காலம் கருப்பட்டியைக் கடித்துச் சாயத்தண்ணி குடித்தேன். இனிப்பாக இருந்தது. வேறொன்றும் இல்லை. பனியும் அப்படித்தான், காலுக்குக் குளிர்ந்தது. நீ எந்த ருசியைத் தேடி ரயில் ஏறப் பார்க்கிறாயோ அது இங்கே எனக்கே கிடைப்பதில்லை ராசு. நீ வந்தால் ஒரு வருஷம் உனக்குக் கிடைக்கும். பிறகு உன் பிள்ளைக்கு நீ கருப்பட்டி விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பாய், பிறகு அவன் பேர் பதிவான்.

ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா உன்னைக் கொழும்பில் தன் அண்ணன் கடைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டபோது, நான் யோசிக்கக்கூட இல்லை. நீதான் ஸ்டேஷனில் என் கையை விடாமல் நின்றாய். அங்கே இரும்புச் சாமான்களுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். துரு வாடை சோற்றில்கூட வருகிறது என்று எழுதினாய். உன்னைச் சொர்க்கத்துக்கு அனுப்பினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் போன புதிதில் ஒரு கடிதம் போட்டாய். சாயங்காலம் கடையைப் பூட்டிய பிறகு கடல்பக்கம் நடந்துபோய்விட்டு வந்து உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கிறது, அம்மா என்று எழுதியிருந்தாய். மூட்டை தூக்குகிற நாட்டாமி ஒருவர் தன் வெற்றிலையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்து, அதைத் துப்பத் தெரியாமல் நீ சட்டையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டதையும் எழுதியிருந்தாய். அதை மாரியாயி அக்காவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

சின்னதில் ருசி பார்க்கிற அந்தக் கண் உன்னிடம் இருக்கிறது. அதைத் தோட்டத்துக்குச் சொந்தம் என்று நினைக்காதே. நீ உட்காராவிட்டால் அந்த ஓட்டை வெறும் ஓட்டைதான். ஆகவே அங்கேயே பழகு. கடைக்குள் வெயில் எந்த நேரத்தில் எந்த மூலைக்கு வருகிறது என்று பார். காலையில் முதலில் திறக்கிற கடை எது, அந்தக் கதவு எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேள். நாட்டாமி வெற்றிலை கொடுத்தால் வாங்கிக்கொள். ஆனால் ஒன்று. நான் செய்ததைச் செய்யாதே. ருசிக்கிறது என்பதற்காக உனக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்காதே. முதலாளி ஆசையாக ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால், நல்லா இருக்குங்க என்று மனதாரச் சொல்லிக் குடி. குடித்து முடித்துவிட்டுச் சம்பளத்தைக் கேள். தகரம் கொடுக்க வந்தால் தகரத்தை வாங்கு. வெயிலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

இப்படிச் செய்தால் எல்லாம் நல்லபடியாகிவிடும் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் பொய். உன் கையில் எந்த நாட்டுக் கடுதாசியும் இல்லை. நாளைக்குப் போலீஸ்காரன் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. நீ பார்க்காத ஊருக்கு, நான் பார்க்காத ஊருக்கு, உன்னைக் கப்பலேற்றினாலும் ஏற்றுவார்கள். அதைத் தடுக்க என்னிடம் வழியில்லை. உப்புக் கரிக்கிற உதட்டை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்துவிட முடியும் என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. செய்ய முடியாதவனுக்கும் நாள் போக வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

இதை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று இன்னும் உனக்குச் சொல்லவில்லை. மஸ்கெலியாவில், உன் மாமா வீட்டு இஸ்தோப்பில். போன வாரம் கணக்கப்பிள்ளை நம் காம்பரா வாசலுக்கு வந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மகனுக்குச் சொல்லி அனுப்பிட்டியா? ஆளு வந்து பேர் பதிஞ்சா காம்பரா உனக்கே இருக்கட்டும்னு தொரை சொல்லிட்டாரு. இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுக்கணும். நான் என்ன செய்ய?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு மேலாக மாரியாயி அக்காவின் குரல் வந்தது. "வந்துருவான் ஐயா! கடுதாசி போட்டிருக்கான், மாசம் முடிய வந்துருவான்!"

"யாரும் வரமாட்டாங்க. ஆளுக்குக் குடுத்துருங்க" என்றேன்.

"என்னம்மா பேசுற? ராசு இருக்கான்ல? நம்ம கண்ணு முன்னால வளந்த பய. நம்ம தோட்டத்து ஆள்தான?"

"அவன் தோட்டத்து ஆள் இல்லீங்க ஐயா."

சரிம்மா, உன் இஷ்டம் என்று அவர் போய்விட்டார். இந்த ஒரு பேச்சை என் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் உன்னை வளர்த்தேன். சொல்லும்போது நெஞ்சு நிறையும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் மூட்டையைக் கட்டினேன். மாரியாயி அக்கா பஸ் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஏறும்போது, பாவி என்று திட்டிவிட்டு அழுதாள். இதற்குள் அங்கே யாரோ கைக்குழந்தையோடு குடிவந்து அடுப்பு மூட்டியிருப்பார்கள்.

ஆகவே நீ காப்பாற்ற இங்கே ஒன்றும் இல்லை. கடையில் சொல்லியிருந்தால், போகவில்லை என்று மறுபடி போய்ச் சொல்லிவிடு. என்னைப் பார்க்க வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருவதென்றால் ஹட்டனில் இறங்கித் தோட்டத்துப் பக்கம் போகாமல் நேரே மஸ்கெலியா பஸ் பிடித்து வா. மாமா நல்லவர்தான், ஆனால் இந்த இஸ்தோப்பில் நான் ஒருத்தி படுக்கத்தான் இடம் இருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அன்று ராத்திரி மெயில் ரயிலிலேயே திரும்பிவிடு.

அம்மா